வால்வுக்கு ரெண்டு பேர்

இல்லக்கா, உக்கார முடியல, நீங்க உக்காருங்க. ஆமா, அந்தக் கடைசி ரூம்தான். எங்க வீட்டுக்காரர். நுரையீரல் போச்சு, மெஷின் வச்சிருக்காங்க. நான் இப்படி நடக்கிறது தொந்தரவா இருக்கா? சரி, இங்கயே நிக்கிறேன்.

வேலையா? தண்ணிய உடைக்கிற வேலை. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். கம்பெனியில தகடு தகடா அடுக்கின பெரிய மெஷின் ஒண்ணு. தண்ணிய விட்டு கரண்ட் குடுத்தா ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், இன்னொரு பக்கம் ஆக்சிஜன். ரெண்டும் கலந்துட்டா வெடிச்சிரும். கலக்காம பாத்துக்கணும், அதுக்குத்தான் நான். மாமியாரையும் மருமகளையும் பிரிச்சு வைக்கிற உத்தியோகம்னு இவர் கிண்டல் பண்ணுவாரு.

இதுல என்னன்னா, ஹைட்ரஜனுக்குத்தான் ராஜ மரியாதை. டேங்குல அடைச்சு லாரி ஏத்தி அனுப்புவாங்க. ஆக்சிஜன் எங்க ஆளுங்களுக்கு வேணாம். கூரை மேல ஒரு குழாய், அது வழியா வானத்துல விட்டுருவோம். நாள் பூரா புஸ்ஸுன்னு போய்க்கிட்டே இருக்கும். இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதுலேருந்து அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இவருக்கு அதுவும் கிண்டல்தான். ஊருக்கே தானம் பண்றியே, வர்றப்ப வீட்டுக்கு ஒரு பையில பிடிச்சுட்டு வாயேம்மான்னு. வெக்கத்த விட்டு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன்க்கா. கெமிக்கல் ஈரம் கலந்திருக்கும், அப்படியே மூச்சுக்கு ஆகாதுன்னாரு. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டேன்.

யாரு, நர்ஸா? பாத்தேன், பாத்தேன். கூப்பிடட்டும். ரெண்டாவது தடவைதானே.

எங்க கம்பெனிப் பழக்கம் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மெஷின நிறுத்துறப்ப யாரும் தனியா வால்வ மூட மாட்டோம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி, கூட ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும். போன வாரம்கூட டீ குடிக்கப் போன கூட வேலை பாக்கிறவர கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

பிள்ளைங்களா? இல்லக்கா. நாங்க ரெண்டே பேர்தான்.

டாக்டர் காலையிலயே சொல்லிட்டாரு. இப்ப மூச்சு விடுறது மெஷின்தான், இவர் இல்லையாம். நிறுத்தலாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லணுமாம். இழுத்துக்கிட்டுக் கிடக்க விட்டுராதன்னு இவரே சொல்லி வச்சிருக்காரு. சொல்லத்தான் போறேன்.

அக்கா, உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? நீங்க ஒண்ணும் பேச வேணாம். உள்ள வந்து என் பக்கத்துல சும்மா நிக்கிறீங்களா?