இடது பக்கத்துக்கு ஊற்றுத் தண்ணீர்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு, ஐயா. மலையடிவாரத்தில் பாறையிடுக்கிலிருந்து வருகிறதே அந்த ஊற்றுத் தண்ணீர், அதைத் தவிர மற்றதெல்லாம் அவர்களுக்குப் பாத்திரம் கழுவத்தான். வயிறு சரியில்லை என்றால் ஊற்றுத் தண்ணீர். தலைவலி என்றால் ஊற்றுத் தண்ணீர். மருமகள் சண்டை போட்டால்கூட ஒரு டம்ளர் ஊற்றுத் தண்ணீர். தலைநகர் பெல்கிரேடிலிருந்து பஸ் பிடித்து வந்து கேன் கேனாக நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நீங்களும் வரும் வழியில் ஒரு பாட்டில் பிடித்திருக்கிறீர்கள், மேஜைமேல் இருக்கிறது. தாராளமாகக் குடியுங்கள். உங்களை அது ஒன்றும் செய்யாது.

நான் டாக்டர் இல்லை. குளிர்பெட்டித் தொழிற்சாலையில் கதவுக்கு ரப்பர் பட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தவன். தொழிற்சாலையை மூடிய பிறகு சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். என் மனைவி ஸ்லாவ்காவுக்குத் தண்டுவடத்தில் நோய் வந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகுதான் மூத்திர டியூப் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது.

பழைய டியூபை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன பலூன் இருக்கும். சிறுநீர்ப்பைக்குள் போனதும் அதில் தண்ணீர் ஏற்றிவிட்டால் டியூப் நழுவி வெளியே வராது. வடிகிற துளையோ பலூனுக்கு மேலே இருக்கிறது. அதனால் பலூனுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தேங்கியே நிற்கும். தேங்கினால் கிருமி சேரும், கிருமி சேர்ந்தால் சிறுநீரின் புளிப்பு போய்க் காரத்தன்மை ஏறும், அது ஏறினால் சுண்ணாம்பு படியும். வெந்நீர்க் கெட்டிலின் அடியில் படிகிறதே, அதே மாதிரிதான். துளை அடைத்துக்கொண்டால் கீழே வடிய வேண்டியது மேலேறிச் சிறுநீரகத்துக்குப் போகும். பிறகு குளிர்காய்ச்சல் வரும். ஸ்லாவ்காவுக்கு இப்படிப் பல தடவை வந்தது. ஒரு தடவை வலி தாங்காமல் என் கையைக் கடித்துவிட்டாள், தழும்பு இன்னும் இருக்கிறது. அவளைவிட நான்தான் அன்றைக்கு அதிகமாக அழுதேன்.

என் டியூபில் துளை பலூனுக்குக் கீழே இருக்கிறது. நுனி பலூனுக்குள்ளேயே புதைந்துகொள்ளும், உள்சதையைக் குத்தாது. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இதைப் போய் ஏன் இத்தனை வருடமாக யாரும் செய்யவில்லை என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் தோளைக் குலுக்கினார்கள்.

பெல்கிரேடில் இருக்கும் மருத்துவக் குழு சோதனை செய்து காட்டச் சொன்னது. எங்கள் ஊர் மலைமேல் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். படுக்கையிலேயே காலம் தள்ளுகிறவர்கள், எல்லோருக்கும் டியூப்தான். சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். இடது பக்க வார்டுக்குப் பழைய டியூப், வலது பக்கத்துக்கு என்னுடையது.

மிலோயே இடது பக்கம், ஜன்னலோரக் கட்டில். வாழ்நாள் முழுக்க மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒரு தடவைகூட பஸ் உருண்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சொந்த வீட்டு ப்ளம் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். நான் வார்டுக்குள் நுழைந்தாலே குரல் கொடுப்பார்.

"என்ன மேஸ்திரி, உன் டியூப எப்பய்யா எனக்கு மாட்டப் போற? வலது பக்கத்துக்காரனுங்க புதுமாப்பிள்ள கணக்கா படுத்திருக்கானுங்க."

"நீங்க எடுத்த சீட்டு இடது பக்கம், மிலோயே மாமா. நான் என்ன பண்ண?"

"சீட்டா? எனக்குச் சீட்டுல என்னைக்கு நல்லது விழுந்துச்சு? பொண்டாட்டியே அப்படித்தான் வந்து வாய்ச்சா."

"செத்துப்போன அம்மாவ எதுக்குப்பா இப்ப இழுக்குறீங்க?" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மகள் ஸ்தாமென்கா.

முதல் குளிர்காலம் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நன்றாக இருந்தார்கள். காரணம் யாகோதா சிஸ்டர். அவள் காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் கட்டிலாகப் போய் டியூபை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்ப்பாள். உள்ளே மணல் மாதிரி ஏதாவது நெருடினால் அடைப்பதற்கு முன்பே மாற்றிவிடுவாள். அதோடு எல்லோருக்கும் எலுமிச்சைத் தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் காலடியில் ஓடுகிற ஊரில் எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறாளே என்று மற்ற சிஸ்டர்கள் அவளைக் கேலி செய்வார்கள். அடிவாரத்திலிருந்து கேன் தூக்கிவர யாருக்கும் முதுகில் தெம்பு இல்லை, அதனால்தான் எலுமிச்சை என்று அவளே சொல்வாள். அவள் தெரியாமல் செய்தது சரியான காரியம். எலுமிச்சையில் இருக்கும் சத்து சுண்ணாம்பைப் படியவிடாது. எனக்கு அது தெரிந்திருந்தது.

குழுவின் தலைவர் போனில் பேசினார். நல்ல மனிதர், சாந்தமாகத்தான் சொன்னார். "டியூப் நல்லாத்தான் இருக்கு ரத்தோமிர். ஆனா பழசும் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு மாத்தணும்? இன்னொரு குளிர்காலம் பாரு. அப்பவும் வித்தியாசம் தெரியலன்னா விட்டுடலாம்."

வித்தியாசம் இருந்தது, ஐயா. யாகோதா அதை மறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் எத்தனை ஆஸ்பத்திரியில் இருக்கிறது? மற்ற இடங்களிலெல்லாம் அடைத்த பிறகுதான் பார்க்கிறார்கள். உலகம் முழுக்க நடப்பது எங்கள் மலைமேலும் நடந்தால்தானே அது சோதனை? நான் நியாயமாகத்தான் யோசித்தேன். கோபமாகவோ பதற்றமாகவோ எதையும் செய்யவில்லை.

முதலில் ஒரு விதி போட்டேன். குறித்த நாளில்தான் டியூபை மாற்ற வேண்டும், விரலால் உருட்டிப் பார்த்து முன்கூட்டி மாற்றக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி. யாகோதா முகம் சுளித்தாள், ஆனால் சரி என்றாள். அதற்கடுத்துத் தண்ணீர். குளிர்காலத்தில் எலுமிச்சை கிடைப்பது சிரமம், கிடைப்பது வலது பக்கத்துக்குப் போகட்டும், இடது பக்கத்துக்கு நானே காரில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊற்றுத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. சுண்ணாம்பும் அதிகம். அதை வைத்துத்தானே ஊருக்கே பேர்.

நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் குழந்தை பிறந்தால் நாக்கில் முதலில் தொட்டுவைக்கிற தண்ணீரைத்தான் கொடுத்தேன். இடது பக்கத்தில் ஒரே கொண்டாட்டம். வலது பக்கத்தில்தான் ரகளை. நான் நடைபாதையில் போகும்போது ஒரு அம்மாள் கத்தினாள்: "அவங்க மட்டுந்தான் மனுசங்களா? அவங்களுக்கு ஊத்துத் தண்ணி, எங்களுக்குப் புளிச்ச தண்ணியா? எங்க ஓட்டு ஒனக்குக் கிடையாதுய்யா." நான் தேர்தலில் நிற்கவில்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இலை உதிர்கிற காலத்தில் இடது பக்கத்தில் டியூப்கள் அடைக்க ஆரம்பித்தன. யாகோதா என்ன செய்தாள் தெரியுமா? யாருக்குக் காய்ச்சல் வந்ததோ அவருக்கு இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுத் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஸ்தாமென்கா வேலை முடிந்து நேராக ஊற்றுக்குப் போய் இரண்டு கையிலும் கேனோடு மலையேறி வருவாள். பாதி வழியில் பார்த்தால் நான் காரில் ஏற்றிக்கொள்வேன். "ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்ணே," என்பாள். வழியெல்லாம் தன் அப்பாவின் கதைதான். நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். கேனை நானே தூக்கிக்கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மிலோயேக்கு முன்னால் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்களோடு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

டிசம்பரில் புனித நிக்கோலாஸ் திருநாள் வந்தது. உங்கள் வீட்டிலும் அதுதானோ என்னவோ, இந்த நாட்டில் பாதிக் குடும்பங்களுக்கு அவர்தான் குலப் புனிதர். அன்றைக்கு வீட்டில் மெழுகுவத்தி ஏற்றி, கோதுமை வேகவைத்து, அழைக்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்க வேண்டும். யாகோதாவின் வீட்டிலும் அதே திருநாள். மற்ற சிஸ்டர்கள் பலருக்கும் அப்படித்தான். வார்டில் ஆளே இல்லை. மிலோயே வீட்டிலும் அதே புனிதர் என்பதால் அவர் கட்டிலையே வீடாக்கிவிட்டார். ஸ்தாமென்கா தலைமாட்டில் மெழுகுவத்தி வைத்திருந்தாள். இனிப்புக் கோதுமை ஒரு கிண்ணத்தில், பக்கத்தில் ஸ்பூன்.

"வாய்யா மேஸ்திரி, முதல் விருந்தாளி நீதான். டாக்டரு சாராயத்த மோந்துகூடப் பாக்கக் கூடாதுன்னுட்டான். அதனால நம்ம ஊத்துத் தண்ணியிலேயே வாழ்த்திக்குவோம். என்ன, எழுந்து நிக்கத்தான் முடியல. நீ எனக்கும் சேத்து நில்லு."

நான் நின்றேன். ஒரு ஸ்பூன் கோதுமை சாப்பிட்டேன். இரண்டு பேரும் டம்ளரை இடித்துக்கொண்டு குடித்தோம். அவர் நெற்றி வியர்த்திருந்தது, பேச்சு நடுவே பல் கிட்டியது. திருநாள் பரபரப்பு என்று ஸ்தாமென்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துக் கட்டிலுக்குக் கோதுமை கொடுக்கப் போன சமயம் நான் குனிந்து கட்டிலில் தொங்கிய பையைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். காலையிலிருந்து ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. டியூபை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, யாகோதா செய்வது போல, உருட்டிப் பார்த்தேன். உள்ளே நறநறவென்றது.

"என்ன மேஸ்திரி, எல்லாம் சரியா ஓடுதா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு மாமா," என்றேன்.

குறித்த நாளுக்கு முன்பு மாற்றக் கூடாது என்பது விதி. அடைத்துவிட்டால் உடனே மாற்றலாம் என்பதும் விதியில் இருந்தது. அதை நான்தான் எழுதினேன். கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். திருநாள் அன்று வேறு வீடுகளுக்கும் போக வேண்டியிருந்தது, எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்.

யாகோதா மறுநாள் காலை வந்து டியூபை மாற்றினாள். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. அந்த வாரத்திலேயே அடக்கம் செய்தோம். கல்லறையில் ஸ்தாமென்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஊத்துத் தண்ணி குடிச்சும் போயிட்டாரேண்ணே." நானும் அழுதேன், நடிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தின் முடிவில் பெல்கிரேடுக்குக் கொடுக்க என்னிடம் தெளிவான வித்தியாசம் இருந்தது. தலைவர் கை குலுக்கினார். இப்போது என் டியூப் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

இல்லத்தில் யாகோதாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் வரும்போது வீட்டில் விருந்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று ஊர் பேசியது. அவள் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் அவளுக்காகப் பரிந்து பேசினேன், நல்ல சிஸ்டர், மனிதர் என்றால் தவறு வரும் என்று. வீட்டில் சும்மா உட்கார்ந்தவள், ஒருநாள் டீ போடக் கெட்டிலைத் திறந்திருக்கிறாள். அடியில் ஊற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, கல் மாதிரி. வருடக்கணக்காக அந்தக் கெட்டிலைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவியவள்தான், அன்றைக்குத்தான் யோசித்திருக்கிறாள். அப்புறம் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. என்னைவிட நல்ல மனுஷி.

நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள். பழைய டியூப் கெட்டது, என்னுடையது நல்லது என்று நம்பியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஊற்றுத் தண்ணீரையே கொடுத்துப் பார்த்திருக்கலாமே என்று. நல்ல கேள்விதான். இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். வலது பக்கத்துக்காரர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் ஏற்கெனவே பழகிப்போயிருந்தது. பழகினதை மாற்றுவானேன் என்று பட்டது. வேறு காரணம் இல்லை.

ஆமாம், மிலோயேயை நான்தான் கொன்றேன். மற்ற இரண்டு பேரையும்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. ஸ்லாவ்கா வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுக்குப் போட்டிருப்பது என் டியூப்தான், பட்டறையிலேயே பொறுக்கி எடுத்தது. நான் உள்ளே போய்விட்டேன் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறுதல் சொல்ல வருவார்கள். நல்லவர்கள், கையில் ஊற்றுத் தண்ணீரோடு வருவார்கள். அதை அவள் வாயில் வைக்க விடாதீர்கள். எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்தான், இத்தனை நாளும் நான் அப்படித்தான் கொடுத்தேன். யாகோதா மனசு வைத்து வந்தால், தினமும் காலையில் டியூபை ஒரு தடவை விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் டியூப் அடைக்காது. இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.