வலது பக்கச் சுவர்

— வால் போச்சு.

— யாருக்கு?

— சிரிக்காத புரொபசரம்மா. என் வரைபடத்துக்கு. நேத்து வரைக்கும் துகளோட வேகத்தைக் காட்டற கோடு எவ்வளவு நீளமா போச்சு... காலையில வந்து பார்க்கறேன், பாதியிலேயே படுத்துடுச்சு.

— அப்ப அந்த அதிவேகத் துகளெல்லாம்?

— ஒண்ணையும் காணோம்.

— கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கும். ராத்திரி பூரா முட்ட விட்டா யாருதான் இருப்பா?

— மத்தியானம் கருத்தரங்குல துறைப் பெரியவர் முன்னாடி பேசணும். உனக்கு விளையாட்டா இருக்கா?

— சரி, சரி... கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டேன். இப்ப நான்தான் பெரியவர். "தம்பி, எங்க வீட்டுப் பொடிசுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க பார்ப்போம்."

— கருமம், அப்படியே அவர் குரல்... விண்வெளியில பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள் கூட்டம், பாய்ஞ்சு வருது. ஒரு இடத்துல தடைபட்டு அதிர்ச்சி அலை எழும்புது.

— "ம்ம்."

— அதைத் தாண்டற துகள்ல சிலது திரும்பி வரும். மறுபடி தாண்டும். போக வர, போக வர வேகம் கூடிக்கிட்டே இருக்கும். அதைத்தான் கம்ப்யூட்டர்ல ஒரு பெட்டி மாதிரி வச்சு ஓட்டிப் பார்க்கறேன்.

— "பெட்டி முடியற இடத்துல என்ன ஆகும் தம்பி?"

— இருங்க, பெட்டியோட படத்தை எடுத்துக்கறேன்.

— "எடுங்க தம்பி."

— வெளிய போயிடும். வலது பக்கம் திறந்திருக்கும். அங்க போய்ச் சேர்ந்ததைக் கணக்குலேர்ந்து எடுத்துடுவோம்.

— "நேத்து வரைக்கும் திறந்திருந்ததா?"

— இதெல்லாம் அவர் கேக்க மாட்டார்.

— நான் கேக்கறேன்.

— இரு, தண்ணி குடிச்சுட்டு வரேன்.

— உக்காருடா. வீட்டுல ஒத்திகை பார்க்கும்போதும் இதே கூத்துதான். அந்தப் பெட்டிப் படம் வந்தா உனக்குத் தாகம் எடுத்துடும். கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்கறேன், எதையாவது மறைச்சா உனக்கு நாக்கு வறண்டுடும்.

— நான் என்னத்தை மறைச்சேன்?

— அதைத்தான் கேக்கறேன்.

— ... சுவர். வலது பக்கம் திறந்தே இல்ல. பழைய ப்ரோக்ராம்லேர்ந்து ஒரு வரியை எடுத்துப் போட்டேன், மாத்த மறந்துட்டேன். வெளிய போக வேண்டியதெல்லாம் சுவத்துல முட்டித் திரும்பி, எதிர்ல வர்ற அலையில மோதி... ரெண்டு சுவர் நெருங்கி நெருங்கி வந்தா நடுவுல மாட்டின பந்து என்ன ஆகும்?

— பேய் வேகம் எடுக்கும்.

— அந்த வேகம்தான் என் வால்.

— எப்ப கண்டுபிடிச்ச?

— இப்பதான்...

— தண்ணி வேணுமா?

— போன மாசம்.

— ம்.

— அப்படிப் பார்க்காத. ப்ரோக்ராமை நீயும்தானே படிச்ச? எல்லாம் சரியா இருக்குன்னு நீதானே சொன்ன?

— சொன்னேன்... சொன்னேன். நீ உன் கதையைச் சொல்லு.

— என் கதை என்ன. வால் இருந்தா என் வேலையை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிப்பாங்க. இல்லேன்னா கடல் தாண்டிப் போகணும். உனக்கு இங்க நிரந்தர வேலை. எனக்கு அங்க விடிஞ்சா உனக்கு இங்க இருட்டும். போன்ல குடும்பம் நடத்தறதா?

— முட்டை வேகவைக்கத் தெரியாத ஆளு. தனியா என்ன பண்ணுவ?

— அதான் சொல்றேன்.

— அதுக்காகச் சுவர் வச்சுக்கிட்டியாக்கும்.

— வைக்கலை. எடுக்கலை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

— இருக்கும், இருக்கும்.

— ஆனா இப்ப அது எப்படித் திறந்துச்சு? நான் தொடவே இல்லையே. ஒரே ஒரு வரி மட்டும் மாறியிருக்கு. யாரோ...

— காலர் மடங்கியிருக்கு, திரும்பு.

— நீயா?

— நேத்து ஒத்திகையில நீ சமையலறைக்கு எழுந்து போனப்ப. ராத்திரி ஓட விடணும்னு லேப்டாப்பைத் திறந்துதானே வச்சிருந்த.

— அடிப்பாவி.

— ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரத்துல ஒரு வரி மாத்த முடியாதா?

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— கேட்டா "நாளைக்கு"ன்னு சொல்லுவ. அத்தனை பேர் முன்னாடி நீ நாக்கு ஒட்டிக்கிட்டு நிக்கறதை என்னால பார்க்க முடியாதுடா.

— இப்ப மத்தியானம் என்னத்தைப் பேசறது?

— சுவரைப் பத்திப் பேசு. எங்க தப்பு, வால் ஏன் பொய்னு சொல்லு. அதுக்குத் தொண்டை வறளாது.

— வேலை போயிடும்.

— போகும். பரவாயில்லைன்னு சொல்ல மனசு வரலை. ஆனா போகும்.

— உனக்கு என் மேல கோவமே இல்லையா? ஒரு மாசமா வாயைத் திறக்கலையே நான்.

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கோவப்படறது?

— ஏன், உனக்கென்ன?

— நீ படிச்சுப் பாருன்னு குடுத்தியே, அன்னைக்கே அந்த வரி என் கண்ணுல பட்டுச்சு. நீ போயிடுவியேன்னுதான் எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன்.