எல்லாருக்கும் ஆன பிறகு

அதிகாலை நான்கு மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் ரோட்டில் ஒரு விளக்கும் இல்லை. தை மாதப் பனி. ரோட்டைக் கடந்து இறங்கினால் ஏரிக்குப் போகும் வண்டித்தடம்... அதில் ஆறு பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

இது என் கல்லூரித் தோழி தங்கமணியின் அண்ணிக்கு நடந்தது. எண்பத்தொன்பதில். தங்கமணி எனக்குச் சொன்னபோது அண்ணியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையையும் மறுக்கவில்லை.

நான் இதைச் சொன்ன இரவில் நாங்கள் நான்கு பேர் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். எந்த வீட்டில் கழிப்பறை இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று எழுதிக்கொண்டு போகிற வேலை எங்களுக்கு. பள்ளிக்கூடத்திலும் இல்லை. கரண்ட் போயிருந்தது. முத்துமணிக்கு வெளியே போக வேண்டும். "யாராச்சும் துணைக்கு வாங்களேன்" என்றாள். யாரும் எழவில்லை. இரண்டு போர்வைக்குள் நான்கு பேரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு இது நினைவுக்கு வந்தது.

"இப்ப சொல்லணுமாடி இத?" என்றாள் முத்துமணி. ஆனாலும் கேட்டாள்.

அண்ணியின் பெயர் வீரலட்சுமி. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். கணவன் அழகர்சாமிக்கு ஓசூரில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை கிடைத்து, எட்டு மாதக் குழந்தையோடு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கம்பெனிகளுக்குப் பின்னால் முனிராஜ் என்பவர் கட்டிவிட்ட லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். ஆறு வீடு. ஒரே கூரை. வீட்டுக்கு ஓர் அறை.

லைனுக்குக் கழிப்பறை இருந்தது. மானியத்தில் கட்டியது. இரண்டு கதவு, இரண்டு பீங்கான், தண்ணீர் மட்டும் இல்லை. முனிராஜ் அதில் கேழ்வரகு மூட்டைகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்.

ஆகவே பெண்கள் ஏரிக்குப் போனார்கள். விடிவதற்கு முன் ஒரு முறை. இருட்டிய பின் ஒரு முறை. நடுவில் பதினைந்து மணி நேரம் உடம்பை அடக்கிக்கொள்ள வேண்டும். வீரலட்சுமி பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். தாகம் தாங்காவிட்டால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவாள்.

ஏரிக்குப் போவதற்கென்று ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும். உட்கார்ந்த பிறகு யாரையும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது மரியாதை. மூத்தவள் ரங்கம்மா கன்னடத்தில் "ஆய்த்தா?" என்று கேட்பாள். முடிந்தவர்கள் "ஆச்சு" என்பார்கள். ஒருத்திக்கு ஆகவில்லை என்றாலும் மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வாரம் அழகர்சாமிக்கு நைட் ஷிப்ட். முதல் வாரம் குழந்தையைப் பனியில் தூக்கிக்கொண்டு போய், அதற்குச் சளி கட்டி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதனால் இப்போது பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, கதவை வெளியே பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். நாலரை மணிக்குக் குழந்தை பசித்து விழிக்கும். விழித்தால் தூளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும். அந்தப் பழக்கம் அந்த வாரம்தான் வந்திருந்தது. கீழே சிமெண்ட் தரை. நாலரைக்குள் திரும்பிவிட வேண்டும்... நடக்கும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் நினைப்பு.

கரையின் உள்சரிவில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் தெரியவில்லை. பனிதான் தெரிந்தது. அழுகிய பாசியின் வாடை. கம்பெனிப் பக்கமிருந்து மெஷின் ஓடும் சத்தம்... ம்ம்ம் என்று, மூச்சு விடாமல்.

"முனிராஜு ஊட்டுக் கேவுரு மூட்ட போன ஜென்மத்துல என்னா புண்ணியம் பண்ணுச்சோ" என்றாள் நாராயணம்மா. "அதுக்குக் கக்கூஸு. நமக்கு ஏரி."

"மூட்டய எடுத்துட்டா மட்டும்? ஊத்தறதுக்குத் தண்ணிக்கு எங்க போவ?" இது கெம்பம்மா.

"நீ பேசாத. நேத்து உன்னாலதான் எல்லாருக்கும் காலு மரத்துப்போச்சு."

"எங்க ஊட்டுக்காரரு கறி எடுத்தாந்தாரு. நான் என்னா பண்ணட்டும்?"

சிரித்தார்கள். வீரலட்சுமியும் சிரித்தாள்.

"ஆய்த்தா?" என்றாள் ரங்கம்மா.

"ஆச்சு... ஆச்சு..." என்று இருட்டில் குரல்கள் வந்தன. "ஆச்சுக்கா" என்றாள் வீரலட்சுமி. வரிசையின் கடைசியிலிருந்து, மெதுவாக, இன்னொரு குரல் வந்தது.

"இருங்க..."

"கெம்பம்மா, கறி இன்னும் உள்ளதான் இருக்குதா?" என்றாள் நாராயணம்மா. மறுபடியும் சிரிப்பு.

இருந்தார்கள். தூரத்தில் பெங்களூர் ரயில் ஊதியது. மற்ற நாட்களில் அது ஊதும்போது வீரலட்சுமி வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருப்பாள்.

"ஆய்த்தா?"

ஆச்சு. ஆச்சு. ஆச்சு. பிறகு...

"இருங்க..."

"கெம்பம்மா, சீக்கிரம் ஆகட்டும். இந்தப் புள்ள கொழந்தைய உட்டுட்டு வந்திருக்குது" என்றாள் ரங்கம்மா.

"அது நான் இல்லப்பா" என்றாள் கெம்பம்மா. அவள் வீரலட்சுமிக்கு அடுத்துத்தான் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு அப்பவே ஆச்சு."

யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துப் பழக்கமில்லை.

அப்போது ரோட்டில் ஒரு லாரி வந்தது. வெளிச்சம் பட்டால் எல்லாரும் சட்டென்று எழுந்து நிற்பார்கள். அதுவும் பழக்கம்தான். நின்றார்கள். பனி கெட்டியாக இருந்தால், பின்னாலிருந்து வரும் விளக்கில் நம் நிழல் பனியின் மேலேயே விழும், திரையில் விழுவதுபோல. ஆறு நிழல்கள் நெட்டையாக நின்றன. ஆறுக்கும் அப்பால், கடைசியில், ஒன்று குட்டையாக... எழாமல் இருந்தது.

லாரி வளைவில் திரும்பியது. ஆறு நிழல்களும் சாய்ந்து ஒரு பக்கமாக ஓடின. அந்த ஏழாவது மட்டும் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு இருட்டு.

"போயிரலாங்க்கா" என்றாள் வீரலட்சுமி.

ரங்கம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரு."

ரங்கம்மா உட்கார்ந்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"ஓட வேண்டியதுதானே" என்றாள் முத்துமணி போர்வைக்குள்ளிருந்து. நானும் தங்கமணியிடம் அதையேதான் கேட்டேன். ஓடலாம். ஆனால் முன்னால் ஏரி. இடது பக்கம் கம்பெனி போட்ட முள்வேலி. பின்னால் கரை முழுக்கச் சீமைக்கருவேலம். மேலே ஏறும் வழி ஒன்றுதான்... அது வரிசையின் கடைசியில் இருந்தது.

"யாருக்கா அது?" என்று முணுமுணுத்தாள் வீரலட்சுமி.

ரங்கம்மா காதோடு சொன்னாள். "மூணு வருஷத்துக்கு முந்தி ஒருத்தி இருங்கன்னா. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நாங்க எந்திரிச்சு வந்துட்டோம்."

"அப்புறம்?"

ரங்கம்மா தண்ணீர் இருந்த பக்கம் முகத்தைக் காட்டினாள். "அவளும் கொழந்தைய உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் வந்தா" என்றாள்.

அப்போது குழந்தை அழுதது.

லைன் வீடுகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். பனியில் சத்தம் நன்றாகக் கேட்கும். முதலில் சிணுங்கல். பிறகு பசி அழுகை. பிறகு மூச்சை இழுத்து இழுத்து, நடுநடுவே நின்று... விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறபோது அப்படித்தான் அழும். வீரலட்சுமிக்கு மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. கால்கள் மரத்திருந்தன. எழப் பார்த்தாள். இந்தப் பக்கம் ரங்கம்மா மணிக்கட்டை விடவில்லை. அந்தப் பக்கம் கெம்பம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் இருட்டைப் பார்த்துப் பேசினாள். "தாயி... நீ யாரா இருந்தாலும் சரி. எம்புள்ள ஒத்தையில கெடக்கு. பூட்டிப் போட்டு வந்திருக்கேன். என்னய விட்ரு தாயி."

மெஷின் சத்தம். ம்ம்ம்...

"தெரியும்" என்றது அந்தக் குரல். "நீங்க இருங்க."

பிறகு யாரோ எழும் சத்தம் கேட்டது. ஈரப் புடவை கால்களில் ஒட்டிப் பிரியும் சத்தம். சதக்... சதக்... சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம். அது கரைமேல் ஏறியது. கரைமேலேயே, அவர்கள் ஆறு பேரின் முதுகுக்குப் பின்னால், முள்வேலி வரைக்கும் நடந்தது. நின்றது. ஒவ்வொருத்தி பின்னாலும் ஒரு கணம் நின்று நின்று திரும்பி வந்தது. வீரலட்சுமியின் பின்கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. குளிர்ந்த தண்ணீர். அவள் திரும்பவில்லை.

பிறகு அந்தக் காலடி வண்டித்தடத்தில் இறங்கியது. ரோட்டைக் கடந்தது. லைன் வீடுகளை நோக்கிப் போனது.

"அது வீட்டுக்குப் போகுதுக்கா... விடுக்கா!"

"இருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றாள் ரங்கம்மா. பிடியை இன்னும் இறுக்கினாள். "இன்னொரு தடவ உட்டுட்டுப் போனா..."

வீரலட்சுமி அவள் கையைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. ரங்கம்மா கத்தவும் இல்லை, விடவும் இல்லை. நாராயணம்மா பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மற்ற இரண்டு பெண்கள் தோளை அழுத்தினார்கள். ஐந்து பேர் சேர்ந்து அவளைச் சேற்றில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் யாரோ அழுதுகொண்டே, "மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது தன்னிடம் சொன்னதா, போனவளிடம் சொன்னதா என்று வீரலட்சுமிக்குத் தெரியவில்லை.

குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போனது.

நின்றது.

சட்டென்று நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. மெஷின் சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம் என்று அண்ணியால் சொல்ல முடியவில்லை. கிழக்கே வெளுக்கவில்லை. ஒரு பறவையும் கத்தவில்லை. ஐந்து பேரின் மூச்சு அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. குழந்தை மறுபடி அழ வேண்டும், ஒரே ஒரு முறை அழுதுவிட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாளாம்.

அழவில்லை.

ஐந்து மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. அது அடங்கியபோது காலடி திரும்பி வந்துகொண்டிருந்தது. இப்போது அவசரமே இல்லாமல். கரை ஏறி, சரிவில் இறங்கி, வரிசையின் கடைசியில் வந்து... உட்கார்ந்தது.

ரங்கம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"ஆய்த்தா?"

கடைசியிலிருந்து ஒரே ஒரு குரல் சொன்னது.

"ஆச்சு."

எழுந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். பாசி வாடை மூச்சை அடைத்தது. கரைமேல் வந்ததும் வீரலட்சுமியை விட்டார்கள்.

அவள் ஓடினாள்.

கதவில் பூட்டு தொங்கியது, போட்டது போட்டபடி. இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. இருட்டில் தடவித் தடவிச் சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள். திறந்தாள். உள்ளே இருட்டு. தூளி அசைந்துகொண்டிருந்தது.

தீக்குச்சியைக் கிழித்தாள். குழந்தை தூளிக்குள் மல்லாந்து, விழித்தபடி படுத்திருந்தது. உயிரோடு. தாயைப் பார்த்துக் காலை உதைத்தது.

வாரி எடுத்தாள். இடுப்புத்துணி இல்லை. பின்புறம் ஈரமாக, சில்லென்று இருந்தது. யாரோ சுத்தமாகக் கழுவிவிட்டிருந்தார்கள். அழுக்குத் துணி அலசிப் பிழியப்பட்டு, மூலையில் கொடியில் தொங்கியது. சொட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு குச்சியைக் கிழித்துத் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள். லைனில் மூன்று நாளுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். வீட்டில் இருந்தது அந்த ஒரு குடம்தான். மூடிய தட்டு மூடியபடி இருந்தது. தட்டை எடுத்தாள். கழுத்துவரை தண்ணீர். ஒரு கை அளவும் குறையவில்லை.

வீரலட்சுமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குழந்தைக்குப் பசிக்கும், நாலரைக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும்தான் அப்போது இருந்ததாம். ரவிக்கையை விலக்கி மார்பில் வைத்தாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் வைத்தாள்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு நிறைந்து, உப்பியிருந்தது. ஓர் ஏப்பம் விட்டுவிட்டுக் கண்ணை மூடித் தூங்கிப்போனது.