கட்டை எடுத்த மதியம்

ரோடு ரோலர் என்றாலே ஆமை என்று கேலி பேசுகிறார்கள். சமதரையில் அது நியாயம்தான் ஐயா. சரிவில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதனால்தான் அதன் பிரேக்கைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றாலே போதும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். வழியில் பழுதானால் இழுத்துப்போக வேண்டுமே, அதற்கென்று போல்ட் வைத்திருக்கிறார்கள். அதை முறுக்கினால் ஸ்பிரிங் விட்டுவிடும். அப்புறம் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, டிரம் என்கிற அந்தப் பெரிய இரும்பு உருளைக்கு அடியில் என்னைப் போன்ற மெக்கானிக் செருகும் இரும்புக் கட்டை மட்டும்தான். வேலை முடிந்ததும் போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். நான் தளர்த்தவில்லை. மறதி என்று முதல் விசாரணையில் நீங்களே சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். எனக்கு எந்த போல்ட்டும் மறந்ததில்லை.

என் மகன் மலையடிவாரத்து முகாமில் சிப்பாய். ரோடு உச்சியைத் தொட்டதும் அவனுடைய படை லாரிகளில் ஏறிச் சண்டைக்குப் போக வேண்டும். அடிக்கடி போன் செய்வான்.

“ரோடு எதுவரைக்கும் வந்திருக்குப்பா?”

“உனக்கென்னடா அவசரம்? மாமியார் வீட்டு விருந்தா வச்சிருக்கான் அங்க?”

“நீங்க போடுற ரோட்டுல நான் போகப்போறேன்ப்பா. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

தாயில்லாப் பிள்ளை. தலைவாரி விட்டதிலிருந்து எல்லாம் நான்தான். அதனால் ஒருநாள் வேலையை ஒரு வாரம் இழுத்தேன். ஹோஸ் கசிகிறது என்றேன், பம்ப் சரியில்லை என்றேன். மேலதிகாரி பெரிய மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அவர் வருவதாக இருந்தது. ரோலர் பள்ளத்தில் விழுந்துவிட்டால் இன்னொன்று வந்துசேர மழைக்காலம் முடிய வேண்டும். இரும்பு போனால் போகிறது என்றுதான் நினைத்தேன்.

ரோலர் டிரைவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். மொட்டை மலை, ஒரு மரம் கிடையாது. சாப்பிட்டதும், தண்ணீர் பட்டுக் குளிர்ந்த டிரம்மின் நிழலில், சரிவின் பக்கமாகவே நீட்டிப் படுத்துவிடுவான்.

“அறிவிருக்காடா? சாகவா படுத்திருக்க?” என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

“நீங்க போட்ட கட்டை இருக்குல்லண்ணே. எங்கம்மா போட்ட தொட்டில்கூட ஆடும், இது ஆடாது.”

அந்த மதியம் மற்றவர்கள் கூடாரத்துக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் அங்கே இருப்பது தெரியாது என்று முதல் விசாரணையில் சொன்னேன். தெரியும் ஐயா. எழுப்பினால் ஏன் என்று கேட்பான். ஏறி எஞ்சினைப் போடுவான். சாயங்காலம் பெரிய மெக்கானிக் வந்து போல்ட்டைப் பார்ப்பார். அந்த ரோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் என் பிள்ளை. நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே.

டிரைவரின் சாவுக்கு என் மகனும் வந்தான். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சீட்டாடியவர்கள். தோள் கொடுத்துத் தூக்கினான். எவ்வளவு பிடித்தும் என்னோடு இருக்கவில்லை.

“ரோடு வரும்னு உக்காந்திருந்தா அங்க இருக்கறவங்க கதி என்னப்பா? நாங்க நடந்தே போறோம்.”

போனான். காலில் குண்டு பட்டதாம். உயிர் போகிற காயம் இல்லையாம். தூக்கிக்கொண்டு இறங்க இறங்க இரத்தமெல்லாம் வழியிலேயே போய்விட்டதாம். ஒரு ஜீப் ஏறியிருந்தால் பிழைத்திருப்பான் என்று கூட வந்தவன் சொன்னான். ஜீப் எப்படி ஏறும்?

இனி நான் யாருக்காகப் பொய் சொல்ல வேண்டும்?

டிரைவரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் புள்ளை வலியில துடிச்சானாய்யா?” என்று கேட்டாள். “தூக்கத்துலயே போயிட்டான்மா, அவனுக்கு ஒண்ணுமே தெரியாது” என்றேன். அவள் என்னைக் கும்பிட்டாள்.

அதையும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பாரம் ஏறிய கட்டை கையால் வராது, சுத்தியலால் தட்ட வேண்டும். முதல் தட்டிலேயே அவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

“என்னண்ணே, கட்டையை மாத்திப் போடுறீங்களா? நான் எந்திரிக்கட்டுமா?”

“வேணாம்டா,” என்றேன். “நீ படு.”