சீனக்குடாவில் இறங்கியவர்கள்

"மச்சாள், சீனக்குடா ஸ்டேஷனில நிண்ட ஒரு மனிசியை நான் தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

கப்பல்துறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த பெண் சொன்னாள். நான் பேப்பரை மடித்துவிட்டேன். அவளும் பக்கத்தில் இருந்த மச்சாளும் திருகோணமலையில் மாதிரி ரயில் கண்காட்சி பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"என்ன கதை இது?"

"இஞ்ச பாருங்கோ. அவவின்ர குடை என்ர பையின்ர சிப்புப் பல்லில கொழுவுப்பட்டு வந்திருக்கு."

உள்ளங்கையில் நெல்மணி அளவில் ஒரு பொம்மை; கண்காட்சி மேசையில் இருந்த குட்டிச் சீனக்குடா ஸ்டேஷனில் நின்றது.

"பையை வாசலில வைச்சிட்டு வரச் சொன்னவையெல்லோ?"

"ஓம், சொன்னவை. சனம் தள்ளின தள்ளில எங்க வைக்கிறது? மேசையில சாய வேண்டாம் எண்டு எழுதியிருந்த இடத்திலதான் நானும் போய்ச் சாஞ்சனான்."

"செய்த மனிசன் தேடப்போறார். வாங்கோ, சீனக்குடாவில இறங்கி, திரும்பிப் போற பஸ் பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுப்பம்."

"திரும்பவும் அந்த லைனில நிக்க வேணுமே."

"நிப்பம். இந்த முறை பாலத்தில ரயில் வாறதை முன்னுக்கு நிண்டு பாக்கலாம்."

பஸ் வேகம் குறைந்தது. "சீனக்குடா இறங்கிற ஆக்கள்?" என்றார் கொண்டக்டர்.

"ரெண்டு பேர்," என்று மச்சாள் எழும்பினாள்.

மற்றவள் கையைப் பொத்திக்கொண்டு, "மூண்டு" என்றாள்.