தங்கச்சியின் எடை

உங்கள் அறை நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, டாக்டர். வேறு யாரையும் கூப்பிடும் முன் நான் சொல்வதை நீங்களே கேட்டுக்கொள்கிறேன் என்றதற்கும் நன்றி.

நான் தராசு மெக்கானிக். கடைத் தராசுகள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வெங்காயத்தில் ஒரு கிராம் குறைந்தாலும் எனக்குப் பொறுக்காது. அப்படிப்பட்டவனின் தங்கச்சி, தட்டில் போட்டதை ஓரமாக ஒதுக்கிவிட்டு "கடையிலயே சாப்டுட்டேண்ணா" என்று எழுந்துபோனால் மனசு கேட்குமா? அவள் வேலை செய்வது செருப்புக் கடையில். அங்கே சாப்பிடத் தோலைத் தவிர என்ன இருக்கிறது?

விடிந்ததும் எடை மெஷினில் ஏறுவாள். முள் நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் அன்றைக்கு வீட்டில் வெயிலா மழையா என்று தெரியும். "இது பிடிவாதம் இல்லப்பா, நோய். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார் பக்கத்து வீட்டு நர்ஸ். கையில் தொழில் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று நினைத்தேன்.

மெஷினைத் திறந்து, எடை குறைவாகக் காட்டும்படி ஒரு திருகைத் திருப்பினேன். சந்தோஷத்தில் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவாள் என்று கணக்குப் போட்டேன். சந்தோஷப்பட்டாள், சாப்பாட்டை இன்னும் குறைத்தாள். சரியென்று எதிர்ப்பக்கம் திருப்பினேன். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கடைசியில், யார் ஏறினாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்தேன். அம்மா ஏறிப் பார்த்தாள். இளைத்துவிட்டோம் என்று பூரித்துப்போய் மறுசோறு போட்டுக்கொண்டாள். குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தார்.

தங்கச்சி மட்டும் தண்ணீர் வாளியோடு ஏறிப் பார்த்தாள்.

"அண்ணா, முள்ளு அசையவே இல்ல."

"இப்பதான் சரிபார்த்து வச்சேன். சுத்தமா இருக்கு."

"அப்ப எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா?"

"கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்றேன்.

அண்ணன் சொன்னால் நம்பிவிடுவாள். அது அவளுடைய நல்ல குணம். புத்தி கெட்டுவிட்டது என்று நம்பித்தான் அவளாகவே உங்களிடம் வந்தாள். அந்த வகையில் அவளைச் சிகிச்சைக்கு அனுப்பியதே நான்தான்.

நீங்கள் நல்ல டாக்டர். எண் தெரியாதபடி அவளைத் திரும்பி நிற்கவைத்து எடை பார்த்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினீர்கள். உங்கள் முன்னால் ஒரு வாழைப்பழத்தை முழுதாகச் சாப்பிட்டாள் என்று அம்மா வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. நான் உரித்துக் கொடுத்த பழத்தை அவள் தொட்டதே கிடையாது.

ஆனால் "எடை ஏறலையே, இப்படியே போனா அட்மிட் பண்ணித்தான் ஆகணும்" என்றீர்கள். அம்மா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், உங்கள் எடை மெஷினில், அளவு சரியென்று அரசாங்கம் குத்தும் முத்திரை காலாவதியாகியிருந்தது. நானே சரிபார்த்துத் தருகிறேன் என்றேன். காபி வாங்கிக் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்தது. நான் பேராசைப்படவில்லை, அவள் வரும் நாளுக்கு முன்னால் சரிபார்க்கிற சாக்கில் வந்து, ஒவ்வொரு முறையும் துளித் துளியாகத்தான் ஏற்றினேன். உங்களுடைய மற்ற நோயாளிகளும் கூடவே தேறியிருப்பார்கள். யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. "நல்லா தேறிட்டே, இனிமே அடிக்கடி வர வேண்டாம்" என்று அவளிடம் சொன்னீர்கள். தேறிவிட்டோம் என்ற பயத்தில் அவள் வாழைப்பழத்தையும் நிறுத்தியது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வீட்டில் அப்போதுதான் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று ஒரு வாடிக்கையாளருக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து தூக்கி வந்தது நான்தான். என் பட்டறைக்கு வரும் தராசுகளில் பலவும் அவளைவிடக் கனம், டாக்டர்.

ஆமாம், உங்கள் மெஷினில் ஏறிய எடை முழுவதும் நான் போட்டது. அவள் உடம்பில் ஒரு கிராம்கூட ஏறவில்லை.

பிழைத்துக்கொள்வாள் என்கிறீர்கள். நல்லது. கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணா, நான் நெஜமாவே தேறிக்கிட்டுத்தானே வந்தேன்? இல்ல, அதுவும் என் புத்திக் கோளாறா?"

"மெஷினே சொல்லுச்சேம்மா" என்றேன். முகம் தெளிந்து தூங்கிவிட்டாள்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அவளிடம் உண்மையைச் சொல்கிற பொறுப்பை என்னிடம் விட்டுவிடுங்கள். எவ்வளவு தாங்குவாள் என்று எனக்குத்தான் அளக்கத் தெரியும்.