பென்சிலில் எழுதிய ஒன்பது

கட்டாத கட்டடத்தைக் கண்முன் நிறுத்திக் கல்லையும் கம்பியையும் கணக்கிட்டுக் காட்டியவரே, முப்பத்தோராண்டுகள் எங்கள் ஒப்பந்த நிறுவனத்தின் விலைப்பிரிவை வழிநடத்திய தலைவி அவர்களே, பணிநிறைவு நாளில் தங்களைப் பாராட்ட வந்திருக்கிறோம். எதைப் பாராட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை.

எந்த டெண்டருக்குப் போவீர்கள், எதைக் கைவிடுவீர்கள் என்று இங்கே எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. தங்கள் நாற்காலிக்கு வரவிருக்கும் இளைய மதிப்பீட்டாளர் அதற்கொரு விதியைத் தேடி, இருபத்து மூன்று டெண்டர்களைக் கட்டம் போட்டு எழுதினார். போட்டியாளர் எத்தனை பேர், கையில் வேலை எவ்வளவு என்று மாலை வகுப்பில் கற்ற காரணங்கள் அத்தனையும் அதில் உண்டு. எட்டுப் பேர் மோதிய கிடங்கு வேலைக்கு லாபத்தைக் குறைத்தீர்கள். எட்டுப் பேர் மோதிய சந்தை வேலைக்கோ விலையே கொடுக்கவில்லை. "அந்த மண்ணை மிதிச்சுப் பார்த்தேன், பிடிக்கல" என்றீர்கள். மண்ணுக்குக் கட்டம் போட அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிக் கட்டட வேலை, அடுத்து வந்த போட்டியாளரைவிட வெகுவாகக் குறைந்த விலையில் நமக்குக் கிடைத்தபோது எல்லோரும் கைதட்டினோம். தாங்கள் மட்டும் "எதை விட்டோம்?" என்று தாள்களைப் புரட்டினீர்கள். அடித்தளக் குழியில் ஊறும் நீரை இறைக்கும் செலவை இளையவர் விட்டிருந்தார். முதலாளி அறையில் தாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "கையெழுத்து என்னுது சார்." நஷ்டத்தில் கட்டிய அந்தப் பள்ளியில் இன்றுவரை ஒரு விரிசலில்லை.

இப்போது மருத்துவமனைப் புதுப்பிரிவு. நாளை மூன்று மணிக்குள் டெண்டர் உறை போய்ச் சேர வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் நம் நாற்பது கொத்தனார்களும் வேறு இடம் பார்ப்பார்கள். லாபக் கட்டத்தில் பென்சிலால் ஒன்பது சதவீதம் என்று எழுதி, இளையவர் நேற்றுத் தங்களிடம் நீட்டினார்.

"தோத்தா தூங்குவியா?"

"தூங்கிடுவேன் மேடம்."

"ஜெயிச்சா?"

தாங்கள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேசையைக் காலி செய்யப் போய்விட்டீர்கள்.

"அம்மா லாபத்தைக் கூட்டச் சொன்னாங்களா, விட்டுடச் சொன்னாங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அதான் அண்ணே எனக்கும் தெரியல."

"நல்லா கேட்ட போ. என் ஆளுங்களுக்கு நான் என்னப்பா சொல்றது?"

இன்று காலை இளையவர் மருத்துவமனை மனைக்குப் போய் மண்ணை மிதித்துப் பார்த்தார். செருப்பில் சேறு ஒட்டியதைத் தவிர வேறெதுவும் விளங்கவில்லை என்கிறார். திரும்பி வந்து நீர் இறைக்கும் செலவை மறுபடி கூட்டிப் பார்த்தார். பிறகு ஒன்பதை அழித்துவிட்டு, பதினொன்று என்று மையால் எழுதினார். கீழே தம் கையெழுத்தையும் போட்டார். மேஸ்திரி பெருமூச்சு விட்டபடி உறையை ஒட்டினார். சரியா தவறா, தெரியவில்லை. தங்களைக் கேட்கப் போவதுமில்லை.

எங்களுக்காக எத்தனை இரவு தாங்கள் விழித்திருந்தீர்கள் என்பதை நேற்றுத்தான் எண்ணிப் பார்த்தோம். இனி அந்த விழிப்பு எங்களுடையது. நோயின்றி நூறாண்டு வாழ்ந்து, தாங்கள் நன்றாகத் தூங்க வேண்டும்.

உறை ஒட்டிய ஈரக் கைகளோடு,
விலைப்பிரிவு, கட்டுமானப் பிரிவுப் பணியாளர்கள்